அண்ணி போட்ட மந்திரங்கள்

எங்கள் அண்ணியிடம் ஒரு சாமானைக் கொடுத்து, இது இன்ன வேலைக்கு என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் அதை எடுப்பார். கம்பி முறிந்த குடையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, அதில் கைக்குட்டையும் ரவிக்கையும் காயப்போட்டிருப்பார். அறுந்துபோன கேசட்டின் நாடா மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவல் இருக்கும். காற்றில் அது போடும் சத்தத்துக்கு ஒரு காக்காயும் கிட்டே வராது. தட்டாஞ்சாவடியில் அவர் பேக்கிங் வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனியில் கழித்துப்போடும் பெரிய மூடிகளை எடுத்துவந்து, தண்ணீர் ஊற்றி, அதற்கு நடுவில் சர்க்கரை டப்பாவை வைப்பார். எறும்பு கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். "இந்த வூட்ல எதுவும் அதுவா இருக்க முடியாது" என்று அண்ணன் சலித்துக்கொள்வார்.

வீட்டுச் சாமானோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் ஆட்டத்துக்குள் வந்தார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. தகராறு என்று நான்தான் சொல்கிறேன், அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் படித்துச் சொன்னால் அதுதான் அங்கே எழுதியிருக்கிறது என்று அண்ணி நம்பினார். அந்த நம்பிக்கையை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு விளையாட்டில் ஜெயிப்பதற்காகத் தொலைத்தேன். இதை எழுதும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சல் அவர்மீதா என்மீதா என்று இத்தனை வருஷம் கழித்தும் பிரித்துச் சொல்ல வரவில்லை.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது. நான் அப்போது எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா மகன், தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆடிய பழைய ஆட்டம் ஒன்றைப் பெட்டியோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே இரண்டு மெலிந்த புத்தகங்கள், முழுக்கப் பிரெஞ்சில். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள் வேறு.

ஆட்டம் இதுதான். ஒருவன் கதை நடத்துகிறவன். அவன் ஒரு கோட்டையையோ குகையையோ காகிதத்தில் வரைந்து, யாருக்கும் காட்டாமல் மடியில் வைத்துக்கொள்வான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். "எதிரில் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவன் கேட்பான். அவரவர் தன் வேஷம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். பலகையும் காயும் கிடையாது, எல்லாம் வாயால்தான்.

கதை நடத்துகிறவன் நான். ஜெராக்ஸ் கடைக் குமரன் வாள் வீரன், ஒயரிங் வேலை பார்த்த பாஸ்கர் திருடன். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்ட கையோடு, மின்விசிறிக்கு அடியில் பாய் போட்டு உட்காருவோம். மந்திரவாதி வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பழைய ஆட்டத்தில் மந்திரவாதி ஒரு பரிதாபமான பிறவி. ஆரம்பத்தில் அவனுக்கு மூன்று புள்ளிதான் உயிர், பூனை பிராண்டினால் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். போட்டதும் அது மறந்துபோகும், மறுநாள் காலையில் தன் மந்திரப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும். அதனால் அந்த வேஷத்தை நாங்கள் சும்மா சுமந்துகொண்டு அலைந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் நாங்கள் ஒரு கல் கதவின் முன்னால் நின்றிருந்தோம். அந்தக் கதவில் ஒரு விடுகதை பொறித்திருந்தது. எதுகை மோனையோடு அதை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. குமரன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"உள்ள எத்தன பேரு தம்பி?" என்றார் அண்ணி, திரும்பாமலே.

"எட்டு பூதம் அண்ணி. தூங்குதுங்க."

"வழி இந்தக் கதவு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்ப எதுக்குத் தொறக்கறீங்க?"

அடுத்து, மந்திரவாதிக்கு என்ன மந்திரம் தெரியும் என்று கேட்டார். கதவு அடைக்கும் மந்திரம் என்றேன். யாராவது துரத்திக்கொண்டு வந்தால் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு தப்பிப்பதற்கு அது. அண்ணி பூண்டு முறத்தோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அத இந்தக் கதவு மேலயே போட்டுடுங்க. அடியில சந்து இருக்குதா?"

முட்டாள்தனமாக, இருக்கிறது என்றேன்.

"ஈர வைக்கோல கொளுத்தி அந்தச் சந்துல வையுங்க. எங்க ஊர்ல எலி வளைக்கு அப்படித்தான் மூட்டம் போடுவாங்க."

"கோட்டைக்குள்ள வைக்கோலுக்கு எங்க அண்ணி போறது?"

"குதிர லாயம் இருக்குதுன்னு சித்த முன்னாடி நீங்கதான சொன்னீங்க."

எட்டுப் பூதமும் செத்தன. வாளை யாரும் உருவவில்லை. என் விடுகதைக்கு யாரும் விடை சொல்லவே இல்லை. பாஸ்கர் எழுந்து நின்று கைதட்டினான். அடுத்த ஞாயிறு அண்ணி பூண்டை முந்தின நாளே உரித்து வைத்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார். "பேரெல்லாம் வேணாம், மந்திரக்காரின்னே போட்டுக்குங்க" என்றார்.

பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். பன்னிரண்டாவது வரை படித்தவர். என்னைவிட மூன்று வயது பெரியவர், ஆனாலும் தம்பி என்று கூப்பிட்டு நீங்கள் போட்டுத்தான் பேசுவார். வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே பேக்கிங் செய்து கால் வீங்கி வருவார். அந்த ஆறு நாளும் அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாயில் உட்கார்ந்தால் வேறு ஆள். எங்கள் அண்ணன் வேன் ஓட்டுகிறவர், ஞாயிறுதான் அவருக்குச் சவாரி அதிகம். சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே பெண்டாட்டி சிரிக்கிற சத்தம் கேட்கிறது என்று சொல்வார். அதைச் சந்தோஷமாகத்தான் சொல்வார்.

மந்திரங்களை நான் வரிவரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். அது அவருடைய நிபந்தனை. "சுருக்காதீங்க தம்பி. என்னா எழுதியிருக்குதோ அப்படியே, ஒரு வரி வுடாம." கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் ஒரு கேள்வி வரும். "ஆவாதுன்னு போட்டிருக்குதா?" போடவில்லை என்பேன். "அப்ப ஆவும்." அவருடைய மந்திர சாஸ்திரம் மொத்தமும் இவ்வளவுதான். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு நான் கட்டிய கோட்டை, குகை எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்.

மிதக்கும் தட்டு என்று ஒரு மந்திரம். கண்ணுக்குத் தெரியாத தட்டு ஒன்று இடுப்பு உயரத்தில் மந்திரவாதியின் பின்னாலேயே வரும். புதையல் மூட்டையைச் சுமப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். அண்ணி புதையல் கிடைப்பதற்கு முன்னாலேயே அதைப் போட்டார். அதன்மேல் கருங்கல்லாக ஏற்றச் சொன்னார். பிறகு ராட்சசன் தூங்கும் இடத்துக்குப் போய் அவனை எழுப்பிவிட்டு, அவன் ஒருவன் நுழையும் அகலமே உள்ள சுரங்கத்துக்குள் ஓடினார். "அது எம் பின்னாடியே வருதில்ல? அப்ப தொரத்தறவனுக்கும் எனக்கும் நடுவுலதான அது இருக்கணும்?" ராட்சசன் இடுப்பில் கல்மேடு இடித்து மாட்டிக்கொண்டான். குமரன் தட்டுக்கு அடியில் குனிந்துபோய் அவன் காலை வெட்டினான். அந்த ராட்சசனுக்கு நான் ஒரு சோகக் கதை எழுதி வைத்திருந்தேன். அவனுக்குப் பேச வாய்ப்பே வரவில்லை.

வெளிச்ச மந்திரத்தை எல்லாரும் கைத்தடியில் போட்டுப் பந்தம்போலப் பிடித்துக்கொண்டு போவார்கள். அண்ணி அதை ஒரு கூழாங்கல்லில் போட்டு, கல்லை வாயில் போட்டுக்கொண்டார். "தொறந்தா வெளிச்சம், மூடினா இருட்டு. காவக்காரன் வந்தா மூடிக்குவேன்."

"பேசணும்னா என்னா பண்ணுவீங்க அண்ணி?" என்றான் பாஸ்கர்.

"ஏன், எனக்குப் பேசாம இருக்கத் தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வயிற்றெரிச்சலோடு. நெருப்பு உருண்டை வீசும் மந்திரம் கற்றுக்கொள்ளும் நிலைக்கு அவருடைய மந்திரக்காரி வந்தபோது, வேண்டாம் என்றுவிட்டார். "அத வெச்சி எரிக்கத்தான் எரிக்கலாம். வேற என்னாத்துக்கு ஆவும்?" ஒரே ஒரு வேலை செய்கிற எதன்மீதும் அவருக்கு மரியாதை கிடையாது.

அதற்கில்லை அண்ணி இது, என்று நான் கெஞ்சியிருக்கிறேன். "சப்பாத்திக் கட்ட சப்பாத்திக்கு மட்டுந்தான்னு நெனச்சிக்கினு இருக்கறீங்க. உங்க அண்ணனக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போவார். வார நாளிலும் விடமாட்டார். காலை ஆறு மணிக்கு நான் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது குடத்தோடு வந்து, "தம்பி, அந்தத் தட்டு தண்ணி மேல நிக்குமா?" என்று கேட்பார். வாயில் நுரையோடு தெரியாது என்று தலையாட்டுவேன். "புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்று பேருந்தைப் பிடிக்க ஓடுவார். எனக்கு ஆபீசுக்குப் போகிற வழியெல்லாம் அந்தத் தட்டு எங்கெங்கே நிற்கும், அதை எப்படித் தடுப்பது என்பதே யோசனையாக இருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. பகலெல்லாம் எவனோ எவனுக்கோ எழுதிக் கொடுத்த கிணற்றையும் தென்னந்தோப்பையும் பெயர்த்துக்கொண்டிருந்தவன் நான். என் கையால் நானாக உண்டாக்கியது அந்தக் கோட்டைகள்தான். யாராவது ஒருவர் அதற்குள் முறையாக நடந்துபோய், பயந்து, வியந்து, மறுபக்கம் வெளியே வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அண்ணியோ வாசலிலேயே சுவரைப் பெயர்த்துவிடுவார்.

கடைசியாக மூன்று மாசம் உட்கார்ந்து ஒரு கறுப்புக் கோட்டையைக் கட்டினேன். சார்ட் பேப்பரில் ஏழு தளம். உச்சியில் நிழல் அரசன். அவனுக்கு உடம்பு கிடையாது, இருட்டில் மட்டும்தான் இருப்பான், வாளால் வெட்ட முடியாது. அவனை அடக்க ஏழு தளத்திலும் ஏழு ஓலைத் துண்டு தேடிச் சேர்க்க வேண்டும். சேர்த்து வாசித்தால் அவன் கதை வரும், நான் எழுதியவற்றிலேயே நல்ல கதை அது. அண்ணி ஓலையையெல்லாம் தேடவில்லை. வெளிச் சுவரில் மிதக்கும் தட்டைப் படிபோல வைத்து ஏறி, இரண்டே ஞாயிற்றில் உச்சி மண்டபத்தின் வாசலில் வந்து நின்றார்.

"இருட்டுலதான இருப்பான்?" என்றார். "கல்லு என் வாயில இருக்குது. வாயத் தொறந்துக்கினு உள்ள போயி, கிரீடத்த எடுத்துக்கினு வந்துடறேன். தம்பி, இந்த வெளிச்சம் எவ்ளோ நேரம் நிக்கும்?"

நேரக் கணக்கு புத்தகத்தின் கடைசியில் தனிப் பட்டியலாக இருந்தது, அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவருடைய வேலைகள்தான் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே. புத்தகத்தைத் திறந்தேன். பன்னிரண்டு சுற்று என்று போட்டிருந்தது. சுற்றுக்குப் பத்து நிமிஷம், ஆக இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் கிரீடத்தை எடுத்து, துடைத்து, தலையில் வைத்துப் பார்த்துவிட்டுக்கூட வரலாம்.

"ஒரு சுற்று" என்றேன். "பத்து நிமிஷம்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னேன்.

அண்ணி மிச்சமிருந்த மந்திரத்தை விரல்விட்டு எண்ணினார். அவருடைய மந்திரக்காரி வளர்ந்திருந்தாள், ஒரு நாளைக்கு இப்போது மூன்று மந்திரம். தட்டும் வெளிச்சமும் போட்டாகிவிட்டது. மூன்றாவதாக அன்றைக்கு அவர் எடுத்து வந்திருந்தது, தெரியாத மொழியைப் படிக்கிற மந்திரம். யாரும் சீண்டாத மந்திரம் அது.

"அந்தப் படிக்கிற மந்திரத்தப் போடறேன்" என்றார்.

"எது மேல அண்ணி?"

"உங்க கையில இருக்கற புத்தகத்து மேல."

குமரனும் பாஸ்கரும் ஓவென்று கத்தினார்கள். நான் புத்தகத்தை மடிக்கு இழுத்துக்கொண்டேன். இந்தப் புத்தகம் கோட்டைக்குள் இல்லை, ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது, செல்லாது என்றேன்.

"என் மந்திரக்காரி இந்த மந்திரத்த எங்க மனப்பாடம் பண்ணா? அவகிட்ட ஒரு புத்தகம் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. எவ்ளோ நேரம் நிக்கும்னு அதுலயும் போட்டிருக்கும்ல? அவ அத எடுத்துப் பாக்கறா. அவ்ளோதான்."

மறுக்க வழியே இல்லை. இப்போது நினைத்தாலும் அந்த ஆட்டத்தில் யாரும் போட்ட ஆகச் சிறந்த மந்திரம் அதுதான். அப்போதாவது நான் சிரித்துக்கொண்டே, தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, அந்த வரியின் கீழே விரலை வைத்து ஓட்டி, பிரெஞ்சில் கணீரென்று படித்தேன். பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பிரெஞ்சிலேயே ஒன்று என்று படித்தேன். பிறகு தமிழில், "ஒரு சுற்று நிற்கும்" என்றேன்.

அண்ணி என் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மற்ற இருவர் பக்கமும் திரும்பவே இல்லை.

"சரி தம்பி" என்றார். "நீங்க படிச்சா சரிதான்."

மந்திரக்காரி உள்ளே போனாள். கிரீடத்தைத் தொடுவதற்குள் வெளிச்சம் போயிற்று. நான் மூன்று மாசமாக எழுதி வைத்திருந்த நிழல் அரசனின் வசனத்தை முழுக்கச் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. பகடை உருட்டினேன், மந்திரக்காரி செத்தாள். "போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு அண்ணி எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் குனிந்து பக்கத்தைப் பார்த்தேன். என் நகத்துக்கு மேலே, கடுகளவுகூட மறையாமல், 12 என்று எண்ணில் அச்சடித்திருந்தது.

அவர் பார்த்திருக்கமாட்டார் என்று சொல்லிக்கொண்டேன். பிரெஞ்சு தெரியாதவருக்கு அந்தப் பக்கமே ஒரு கிறுக்கல்தானே என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது, "துணி ஊற வெச்சிருக்கறேன் தம்பி, நீங்க ஆடுங்க" என்றார். அதற்கு அடுத்த ஞாயிறு மீன் வாங்கத் தேங்காய்த்திட்டுக்குப் போய்விட்டார். புது மந்திரக்காரி தயார் செய்து வைத்திருக்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். எனக்குச் சோறு போடுவதில், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. குழாயடியில் மட்டும் குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் போனார். அண்ணி இல்லாமல் ஆட்டம் ஒரு மாசம்கூட ஓடவில்லை. அதன்பிறகு என் கதவுகளையெல்லாம் குமரன் முறைப்படி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனான். பார்க்கச் சகிக்கவில்லை.

நாலைந்து மாசம் கழித்து அண்ணியின் அம்மா ஒரு பத்திரத்தோடு வந்தார். பாகூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் நிலம். அண்ணியின் ஆயாவுக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, அந்த ஆயாவின் கல்யாணத்தின்போது ஆயாவின் அப்பா எழுதிக்கொடுத்தது, பிரெஞ்சில். ஆயா உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கத்தான் கொடுத்தது, அப்புறம் அது ஆண் வழிக்குத்தான் சேரும் என்று அண்ணியின் தாய்மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் மகளும் வந்து, எங்களுக்குப் பாத்தியம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஆள் அனுப்பியிருந்தார்.

அண்ணன்தான் பத்திரத்தை என் கையில் கொடுத்தார். இரண்டு முறை படித்தேன். மாமா சொல்வது பொய். ஆயுள் அனுபவம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆயாவுக்கும் அவர் வயிற்று வாரிசுகளுக்கும் முழு உரிமையாக, நிபந்தனை ஏதுமில்லாமல் கொடுத்திருந்தது. அண்ணியின் அம்மாவுக்கும் அதில் பாத்தியம் உண்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வரி விடாமல் படித்துச் சொன்னேன். அண்ணி கண்ணை மூடிக்கொள்ளவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் அம்மா அந்தப் பக்கம் போனதும் பத்திரத்தை மடித்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க அண்ணி. அது உங்களோடதுதான்."

"அந்த நெலம் நம்ம வூட்டுக்கு வந்தா உங்களுக்கும் நல்லதுதான். அதான் பயமா இருக்குது தம்பி. உங்களுக்கு எந்த நாளு எது வேணுமோ, அன்னிக்கி அதத்தான் உங்க கையில இருக்கற பேப்பரு சொல்லும்."

நான் அவர் மடித்த பத்திரத்தையே பார்த்தேன்.

"பன்னெண்டுன்னு போட்டிருந்துச்சு" என்றார். கோபமே இல்லை, விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். "பன்னெண்டு எந்த பாஷையிலயும் பன்னெண்டுதான. நான் அன்னிக்கி விளையாட்டுக்குத்தான் கேட்டேன். மொதத் தடவ விளையாட்டா சொல்லியிருப்பீங்க. ரெண்டாந்தடவ புத்தகத்தக் காட்டிச் சொன்னீங்களே."

"அது ஆட்டம் அண்ணி. இது பத்திரம். நான் பொழைக்கறதே இதுலதான்."

"இதுல எண்ணக்கூட எழுத்துலதான் எழுதியிருக்காங்க. நான் எதப் பாத்துத் தெரிஞ்சிக்கறது?"

உண்மைதான். பத்திரம் எழுதுகிறவர்கள் அளவைக்கூட எண்ணில் போடமாட்டார்கள், பின்னால் யாராவது திருத்திவிடுவார்கள் என்று எழுத்தால்தான் எழுதுவார்கள். அத்தனையும் உண்மை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் பொய்யன்போல நின்றேன். கத்தவேண்டும்போல இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வரச்சொல்லி மாமா நாள் குறித்திருந்தார். வேறு யாரிடமாவது காட்டிவிட்டாவது போங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சரி என்றார்.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, யாரையோ விசாரித்து, கோர்ட்டுப் பக்கம் இருந்த ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஊரிலேயே மூத்த மொழிபெயர்ப்பாளர். நேர்மையானவர், முத்திரைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவருக்குக் கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பொடி எழுத்துப் பத்திரங்களை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். நான் எழுதித் தருவதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கையெழுத்துப் போடுவார். கோர்ட்டு வட்டாரத்துக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. புதன்கிழமை காலை என் மேசையில் இருந்த உறையைப் பிரித்தேன். உள்ளே அண்ணியின் ஆயா பெயர்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியதுபோல வேறு எதையும் எழுதியதில்லை. ஒவ்வொரு சொல்லையும் அகராதி வைத்துப் பார்த்தேன், எனக்கு உறக்கத்தில் கேட்டாலும் தெரிகிற சொல்லைக்கூட. தட்டச்சு செய்ததைப் பெரியவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இந்தத் தடவ நல்லா பண்ணியிருக்கற" என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

வியாழன் சாயங்காலம் அண்ணி அதை வாங்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் எழுதிய வாக்கியங்களை, நான் நிறுத்திய இடங்களில் நிறுத்தி. மாமாவுக்குக் கையெழுத்து இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. அவர் அம்மா அழுதார். பிறகு அண்ணி என் பக்கம் தாளை நீட்டினார்.

"நீங்க சொன்னாப்பலதான் இருக்குது தம்பி. பாருங்க, எவ்ளோ சுத்தமா எழுதியிருக்காரு. ஒரு வரி வுடல."

இது நான் எழுதினது அண்ணி, என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. அந்தத் தாள் அந்த நொடியே அவருக்குச் செல்லாததாகிவிடும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது. தாளை வாங்கி, புதிதாகப் படிக்கிறவன்போல மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இந்த மாதிரி ஆள நம்பலாம், இல்ல?" என்றார் அண்ணி.

"நம்பலாம் அண்ணி" என்றேன்.